கறி ஆகாத வீடு

மதிவதனி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அவர்கள் வீடு மாற்றிய அன்று. அவருடைய கணவர் கதிர் அண்ணனும் நானும் ஒரே கம்பெனியில் பம்பு மோட்டார் சர்வீஸ் பார்க்கிறோம். கோயமுத்தூர் கணபதியிலிருந்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் சாமான் போகிறது, ஒரு கை கொடு என்று அண்ணன் கூப்பிட்டார். போனேன். டெம்போவிலிருந்து பீரோவை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா ஓர் இரும்புச் சட்டியையும் ஒரு டப்பாவையும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். டப்பாவைத் திறந்தால் நெத்திலிக் கருவாடு.

“தம்பி, நீங்க கறி மீனு திம்பீங்கல்ல?”

“திம்பேனுங்க்கா.”

“அப்ப எடுத்துட்டுப் போயிருங்க. சட்டியும் கறி ஆக்குன சட்டிதான். இந்த ஊட்டுல ஆகாது.”

நான் வாங்கிக்கொண்டேன். ஓசியில் கருவாடு வந்தால் யார் காரணம் கேட்பார்கள்? காரணம் பின்னால் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

கணபதியில் அவர்கள் இருந்த சந்தில் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை, அந்தப் பக்கம் ஒரு கிரைண்டிங் பட்டறை, பின்னால் ஒரு வார்ப்படச் சாலை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மத்தியானம் தொட்டால் விரல் கறுக்கும். மகள் இனியாவுக்கு ஏழு வயது. வீசிங். பனிக்காலம் வந்தால் பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் கேட்கும். மருந்தை உறிஞ்சும் பம்பு தலையணைக்கடியிலேயே கிடக்கும். “மருந்து நான் தர்றேனுங்க. காத்தை நீங்கதான் மாத்தணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் மதிவதனி வீடு தேட ஆரம்பித்தார். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மரம் மட்டை இருக்கிற பக்கம், பள்ளிக்கூட வேன் வருகிற தூரத்தில். அவர் நூல் தரம் பார்க்கிற ஒரு லேபில் வேலை பார்ப்பவர். டெக்ஸ்டைல் படித்தவர். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து, அங்கிருந்து முதல் டிகிரி வாங்கியவர். அப்பா மயில்சாமி வாழைத்தோட்டத்திலும் மஞ்சள் காட்டிலும் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்தார்.

புரோக்கர் கிருபாசங்கர் ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு லேஅவுட்டில் வாசல் வளைவுக்குப் பக்கத்திலேயே சிமென்ட்டில் ஒரு மாட்டு வண்டி செய்து வைத்திருந்தார்கள். உள்ளே நிஜ மாடு கட்டக்கூடாதாம், சாணி நாற்றம் வருமாம்.

“கிராமத்து பீலுங்க மேடம். பக்கா பேமிலி ஏரியா. எல்லாம் நம்மாளுகதான்” என்றார் கிருபாசங்கர்.

அந்த ‘நம்மாளுக’ யார் என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது. வீட்டுக்காரம்மா கேட்டார்: “சொந்த ஊரு எதுங்க?”

“சத்திங்க.”

“சத்தில எங்கீங்க?”

“ஊருக்குப் பக்கத்துலதானுங்க.”

“ஊருக்குள்ளயா, வெளியவா?”

இன்னொரு வீட்டில் குலதெய்வம் எது என்றார்கள். இன்னொன்றில் உங்கள் பங்காளிகள் எந்தப் பக்கம் என்றார்கள். “எல்லாச் சாமியும் கும்பிடுவமுங்க” என்று கதிர் சிரித்து மழுப்பினார். மறுநாள் சொல்கிறோம் என்றவர்கள் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. கோயமுத்தூரில் யாரும் மூஞ்சியில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் ‘ங்க’ போட்டு, காப்பியும் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். வாசலுக்கு வந்த பிறகுதான் கன்னம் எரியும்.

கடைசியில் மலையடிவாரத்துத் தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு வந்தது. ஓடு போட்ட பழைய வீடு. உள்ளே புதுசாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தி டவுனில் வியாபாரம், குடியிருப்பும் அங்கேதான். இதற்கு முன்னால் இருந்த ஐ.டி. பையன், யானை வந்து பலாமரத்தை உலுக்கிய மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டானாம். அதிலிருந்து வீடு சும்மா கிடந்தது. இனியா தோப்புக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து நின்றாள். மூச்சில் விசில் இல்லை. மதிவதனி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பாப்பாயி இவர்களை மேலும் கீழும் பார்த்தார். ஊர்ப் பேச்சு வந்தது, கதிர் வழக்கம்போல் மழுப்பினார். பாப்பாயிக்குச் சந்தேகம் தீரவில்லை.

“ஒரே ஒரு கண்டிசன் அம்மிணி. எங்க மாமனாரு இருந்த ஊடு இது. சுத்த சைவம். கறி, மீனு, முட்டைன்னு ஒண்ணும் இதுக்குள்ள பொழங்கக்கூடாது. உங்களுக்குச் செரிப்பட்டு வராதுன்னாப் பரவால்லீங், வேற எடம் பாத்துக்கலாம்.”

போய்வாருங்கள் என்பதற்கு அது இன்னொரு பெயர். வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள். மதிவதனிக்குப் புரியவில்லை.

“செரிங்க. நாங்க உட்டர்றோம்” என்றார்.

“எதை உட்டர்றீங்க?”

“கறி மீனெல்லாம். முட்டையும். கொழந்தைக்கு மூச்சுதானுங்க முக்கியம்.”

பாப்பாயி புருஷன் முகத்தைப் பார்த்தார். கண்டிஷன் போட்டாகிவிட்டது, எதிராளி ஒத்துக்கொண்டும்விட்டார். இனி மறுக்க வேண்டுமானால் உண்மையான காரணத்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது நாகரிகம் இல்லை. சாவி கைக்கு வந்தது.

எங்கள் வீடுகளில் முதல் டிகிரி வாங்கியவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஒரு விதி சொன்னால் அதை விதி என்றே நம்பிவிடுவோம். இத்தனை மார்க் எடுத்தால் சீட்டு என்றார்கள், எடுத்தோம். இந்தச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், வெயிலில் நின்று வாங்கிவந்தோம். கேட்டதைக் கொடுத்தால் கதவு திறக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. கறி தின்னக்கூடாது என்றால் கறியை நிறுத்தினால் போதும் என்று மதிவதனி நினைத்தது அப்படித்தான்.

நிறுத்தினார்கள். மே மாதம் குடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காளான், சோயா உருண்டை, பன்னீர். “இந்தச் சோயாவுக்குள்ள எங்கயாச்சும் ஒரு எலும்பு இருக்குதான்னு பாரு மதி” என்று கதிர் தட்டைக் கிளறுவார். பிள்ளைக்கு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் மதிவதனி இனியாவை மெயின் ரோட்டு பேக்கரிக்குக் கூட்டிப்போய் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுப்பார். தோப்புக்குள் திரும்புவதற்கு முன்னால் தெருக்குழாயில் நிறுத்தி வாயைக் கொப்பளிக்கச் சொல்வார்.

“ஏம்மா, நான் தப்பு பண்ணீட்டனா?” என்று ஒருநாள் இனியா கேட்டிருக்கிறாள்.

“இல்ல கண்ணு. சொன்ன சொல்லைக் காப்பாத்தணுமில்ல” என்றாராம் மதிவதனி.

ஆனால் பிள்ளைக்கு மூச்சு தெளிந்தது. அதை மறுக்க முடியாது. ஆடியில் காற்று அடிஅடியென்று அடித்தபோதும் நெஞ்சில் சத்தமில்லை. பம்பு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மாலையில் காய்ந்த தென்னமட்டையை இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், இதற்காக ஆயுசுக்கும் பன்னீர் தின்னலாம் என்று மதிவதனி நினைத்துக்கொள்வார்.

புரட்டாசி முடிந்த கையோடு மயில்சாமி வந்தார். பேத்திக்காக உயிரோடு ஒரு நாட்டுக்கோழியைப் பையில் போட்டு, சத்தியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“அறுத்துக் கொழம்பு வையி கண்ணு. புள்ள எலும்பும் தோலுமாக் கெடக்குது.”

“இங்க ஆகாதுப்பா.”

“எங்க ஆகாது?”

“இந்த ஊட்டுல. இது சைவ ஊடு.”

“கல்லும் சிமிட்டியும் எப்ப இருந்து சைவமாச்சு?”

“அப்பா, சொன்னாக் கேளுங்க. ஒத்துக்கிட்டுத்தான் வந்திருக்கறோம்.”

“அப்ப இந்தக் கோழிய என்ன பண்றது? மடியில போட்டுத் தாலாட்டறதா?”

“அப்புச்சி, நான் வளத்துக்கறேன்” என்று இனியா பையைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஈஸ்வரமூர்த்தியின் கார் உள்ளே வந்தது. தேங்காய் வெட்டு பார்க்க மாதம் ஒருதரம் வருவார். வந்தால் மதிவதனி கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மயில்சாமி எழுந்தார். விருந்தாளிக்கு எழுந்திருப்பதுபோல் இல்லை. பாதி உடம்பு குனிந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

“வாங்க சாமி.”

காப்பி டம்ளரோடு உள்ளிருந்து வந்த மதிவதனி அதைக் கேட்டார்.

“யாரப்பா நீ?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“பொண்ணு ஊடுங்க சாமி. பேத்தியப் பாக்க வந்தனுங்.”

“எந்த ஊரு?”

மயில்சாமி காலனியின் பேரைச் சொன்னார். எந்தத் தோட்டத்தில் எவர் பண்ணையத்தில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மகளும் மருமகனும் இத்தனை நாள் மழுப்பியதெல்லாம் ஒரு வாய்ப் பேச்சில் முடிந்தது. ஈஸ்வரமூர்த்தி மெதுவாகத் தலையாட்டினார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார், மதிவதனியைப் பார்த்தார். நீட்டிய காப்பியை, வெயிலாக இருக்கிறது என்று சொல்லி வாங்காமல் தோப்புக்குள் போய்விட்டார்.

கார் கிளம்பிய பிறகு மதிவதனி அப்பாமேல் பாய்ந்தார். “எதுக்குப்பா எந்திரிச்சீங்க? எதுக்கு சாமிங்கறீங்க? வாடக குடுத்து இருக்கறோம்ப்பா, ஓசியில இல்ல!”

“காலு தானா எந்திரிச்சுக்குது கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் மயில்சாமி. அன்று சாயங்காலமே கோழியோடு பஸ் ஏறிவிட்டார். ராத்திரி தங்கச் சொல்லிக் கெஞ்சியும் கேட்கவில்லை. பெற்ற அப்பனை இன்னொருத்தன் முன்னால் எழுந்து நின்றதற்காகத் திட்டி அனுப்பவேண்டி வந்ததே, அந்தக் கோபம் மதிவதனிக்கு இன்றும் ஆறவில்லை.

பத்து நாள் கழித்து ஈஸ்வரமூர்த்தியிடமிருந்து போன். அதுவரை ‘சொல்லுங்க, இருக்கீங்களா’ என்று பேசியவர், “ஏம்புள்ள, ஞாயித்துக்கெழம தோப்புல விசேசம். எங்க சனமெல்லாம் வருது. வாசலைக் கூட்டி வெச்சிரு” என்றார்.

என்ன விசேஷம் என்பது ஞாயிறு காலையில்தான் தெரிந்தது. தோப்பின் கடைசியில் வேலியோரம் இருக்கிற கருப்பராயனுக்குக் கெடா வெட்டு. விடிவதற்குள் ஐந்து கெடாக்கள் பலாமரத்தடியில் கட்டிக் கிடந்தன. பத்து மணிக்குள் தோப்பு முழுக்கக் கார்கள். வீட்டு வாசலில் சாமியானா, கிணற்று மேட்டில் கல் அடுப்புகள். மதிவதனி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாமி காரியம், வீட்டுக்கு வெளியே நடக்கிறது, நமக்கென்ன என்று மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்போதும் விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஈஸ்வரமூர்த்தியின் மருமகள் ரித்திகா ஒரு கிண்ணத்தோடு நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

“ஆன்ட்டி, கேஸ் அடுப்பு யூஸ் பண்ணிக்கறேன். பாப்பாவுக்கு ஈரல் மட்டும் வறுத்துக்கறேன். வெளிய ஒரே பொகை.”

சொல்லிக்கொண்டே மதிவதனியின் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தார். எண்ணெய் காய்ந்தது. ஈரல் சுருண்டு வாசனை வீடு முழுக்கப் பரவியது. இனியா ஓடிவந்து வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா, இங்க ஆகாதுன்னியே?”

மதிவதனி ரித்திகாவைப் பார்த்தார். “ஏனுங்க, இந்த ஊட்டுக்குள்ள கறி பொழங்கக்கூடாதுன்னு உங்க அத்தைதானுங்க சொன்னாங்க.”

“ஓ, அதுவா? அது வாடகைக்குக் கேட்டு வர்றவங்களுக்குச் சொல்றது ஆன்ட்டி” என்று ரித்திகா சிரித்தார். மனதில் கள்ளமில்லாத சிரிப்புதான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

பின்னாலேயே பாப்பாயி வந்தார். முன்பெல்லாம் அம்மிணி என்பவர்.

“இந்தா புள்ள, கொடலு கழுவறவன் வரலை. நீ கெணத்து மேட்டுக்கு வந்து கொஞ்சம் கழுவிக் குடுத்துரு. உங்க சனத்துக்குக் கைவந்த வேலதான? உனக்கும் ஒரு தூக்குல போட்டுத் தர்றேன்.”

மதிவதனி வாயில் முதலில் வந்தது என்னவோ அந்தப் பழைய விதிதான். “அப்ப இந்த ஊடு சைவ ஊடு இல்லீங்களா?”

பாப்பாயி புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நெசமாலுமே உட்டுட்டீங்களா? ஆறு மாசமாவா? ஏனுங்க, இங்க வாங்க! இந்தப் புள்ள நெசமாவே கறி திங்காம இருந்திருக்குது!”

சாமியானாவுக்குள்ளிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். “அடடா, அய்யர் ஆயாச்சாட்டம் இருக்குதே!” என்று ஒருவர் சொல்ல, வாசல் முழுக்கச் சிரிப்பு.

அந்த ஒரு நிமிடத்தில் மதிவதனிக்குள் ஒரு கணக்கு ஓடியதை அவரே என்னிடம் சொன்னார். போய்க் கழுவிக் கொடுத்துவிட்டால் வீடு நிற்கும். பிள்ளைக்கு மூச்சு நிற்காது. குடல்தானே, தண்ணீர்தானே என்றுகூட நினைத்தாராம். கால் கிணற்று மேட்டுப் பக்கம் திரும்பியது. சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இனியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கொடலு கழுவத் தெரியாதுங்க” என்றார். “தெரிஞ்சாலும் கழுவமாட்டேன். நீங்க தின்னறதை நீங்க கழுவுங்க.”

சிரிப்பு நின்றது. ஈஸ்வரமூர்த்தி வந்துவிட்டார். பின்னாலேயே கதிரும் வந்தார். “மதி, உடு, விசேச நாளு” என்று கையைப் பிடித்தார். மதிவதனி கையை உதறினார்.

“கறி ஆகாதுன்னு சொல்லித்தானுங்க ஊடு குடுத்தீங்க. எங்க அப்பன் கொண்டாந்த கோழிய மடியில வெச்சுட்டுத் திரும்பிப் போனாரு. எம்புள்ள முட்டை தின்னுபோட்டு ரோட்டுக் கொழாயில வாய் கழுவிட்டு வந்துச்சு. இப்ப உங்க மருமக எங்க அடுப்புல, எங்க கல்லுல ஈரல் வறுக்கறாங்க. இது என்னங்க நாயம்?”

“அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது” என்றார் ஈஸ்வரமூர்த்தி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். “அக்ரிமெண்டுல கறி ஆகாதுன்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதா?”

“இல்லீங்களா?”

“இல்ல.”

“பதினோரு மாசம்னு எழுதியிருக்குதுங்களா?”

ஈஸ்வரமூர்த்தி சாமியானாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எழுதியிருக்குதுங்க. நான்தான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் அஞ்சு மாசம் இருக்குது. இருப்பேன். கறியும் ஆக்குவேன்.” ரித்திகாவிடமிருந்து தோசைக்கல்லை வாங்கி, மீதி ஈரலை அவர் கிண்ணத்திலேயே கொட்டிக் கொடுத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினார்.

இருந்தார்கள். சுலபமாக இல்லை. மறுநாளே கிணற்று மோட்டார் அறைக்குப் பூட்டு விழுந்தது. கதிர் ஊருக்கெல்லாம் மோட்டார் மாட்டிக் கொடுக்கிறவர், தன் வீட்டுக்கு வண்டியில் குடம் கட்டித் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். ஈஸ்வரமூர்த்தி வீட்டில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, பாதையை மறித்துத் தென்னமட்டையைப் போடவைத்தார்கள். பெங்களூரிலிருந்து ஈஸ்வரமூர்த்தியின் மகன் தீபக் போன் செய்தார்.

“அக்கா, அப்பா பழைய காலத்து ஆளு. நீங்க கண்டுக்காதீங்க. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க.”

“அப்ப மோட்டார் ரூம் சாவிய வாங்கிக் குடுங்க தம்பி.”

“அது... அப்பாகிட்ட நான் எப்படிங்க்கா பேசறது?”

மதிவதனி போனை வைத்துவிட்டார். நம்பிக்கை இல்லாதவர்கள் இப்படித்தான் உதவுவார்கள். போனில் மரியாதையாகப் பேசுவார்கள், சாவி மட்டும் அப்பா பாக்கெட்டிலேயே இருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் கறி எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஆக்கினார். ஒருதரம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நல்லா இருக்குதுங்க்கா என்றேன். “பொய் சொல்லாதீங்க தம்பி. கோவத்துல ஆக்குனா உப்பு எச்சாப் போயிருது” என்றார். கரிக்கத்தான் செய்தது.

அந்த ஐந்து மாதமும் இனியாவுக்குப் பம்பு தேவைப்படவில்லை. அது போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மதிவதனி ஒவ்வொரு நாளையும் இழுத்தார். பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்தார்கள். அட்வான்சில் பெயின்ட் செலவு என்று ஈஸ்வரமூர்த்தி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். சமையலறையை மூன்று தடவை கழுவிவிட்டு, கணபதி ஹோமம் செய்தார்களாம். ஈரல் வறுத்ததற்காக இல்லை என்பது தோப்புக்கே தெரியும். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ‘குடும்பத்துக்கு ஏற்ற தோட்டத்து வீடு, சைவர்களுக்கு மட்டும்’ என்று மறுபடியும் விளம்பரம் வந்திருந்தது.

மதிவதனியும் கதிரும் இப்போது கிணத்துக்கடவில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தேங்காய்நார்க் களம் இருக்கிறது. அந்தப் பக்கக் காற்று அடித்தால் இனியாவுக்கு நெஞ்சு சத்தம் போடுகிறது, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை பம்பு வைக்கிறார்கள். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மதிவதனி காலை ரயிலில் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். சொந்தமாக ஓர் இடம் வாங்க பேங்க்கில் லோனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.